ஏலத்தில் 150 ரூபாய், கைக்கு வருவது எவ்வளவு? குன்னூர் தேயிலை வைத்து சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் அறிவது எப்படி?

நீலகிரியில் வாரக் கடைசி வந்தால் தேயிலை விவசாயிகள் மத்தியில் ஒரே பேச்சுதான். "இந்த வாரம் குன்னூர் ஏலத்துல எவ்வளவு போச்சு?"

யாராவது ஒருவர் அந்த வாரத்தின் உச்ச விலையைச் சொல்வார். கேட்டவருக்கு முகம் மலரும். ஆனால் மாதக் கடைசியில் பசுந்தேயிலைக்கு வரும் பணத்தைப் பார்த்தால் கணக்கு இடிக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. 'அந்த விலைக்கு எத்தனை கிலோ போச்சு?' என்ற இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பங்குச்சந்தையிலும் இதே கதைதான். எந்த விலையில் எவ்வளவு கைமாறியது என்று பார்த்து சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடிக்கும் முறைக்குப் பெயர் 'வால்யூம் ப்ரொஃபைல்'. குன்னூர் ஏலம் தெரிந்தவர்களுக்கு இது ரொம்ப ஈஸி.

குன்னூரில் என்ன நடக்கிறது?

குன்னூரில் 1963-ல் இருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. அன்று சுத்தியல் தட்டி விற்றார்கள், இன்று எல்லாம் ஆன்லைன். ஒவ்வொரு வாரமும் இலை ரகம், டஸ்ட் ரகம் எனத் தனித்தனியாக ஏலம் போகும். எவ்வளவு தூள் வந்தது, எவ்வளவு விற்றது, சராசரி விலை என்ன, எவ்வளவு தேக்கம் என்ற விவரங்கள் வெளியாகும்.

இந்த சராசரி விலையில்தான் சிறு விவசாயியின் பிழைப்பு இருக்கிறது. சிடிசி தேயிலைத் தூளின் சராசரி ஏல விலையை அடிப்படையாக வைத்தே, தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கான விலையை அறிவிக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு முதல் நாலரை கிலோ பசுந்தேயிலை தேவை. கிலோவுக்குக் குறைந்தபட்சம் 33.50 ரூபாய் வேண்டும் என்று 2023 செப்டம்பரில் நீலகிரி சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்ததும் இந்த விலைப் பிரச்னைக்காகத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு, ஒரே ரகத் தூள் 1 லட்சம் கிலோ ஒரு ஏலத்தில் விற்றதாக வைத்துக்கொள்வோம். இது புரிவதற்காகப் போட்ட கணக்கு, உண்மையான ஏல விவரம் அல்ல.

• 141 - 150 ரூபாய்: 3,000 கிலோ
• 131 - 140 ரூபாய்: 12,000 கிலோ
• 121 - 130 ரூபாய்: 25,000 கிலோ
• 111 - 120 ரூபாய்: 45,000 கிலோ
• 101 - 110 ரூபாய்: 15,000 கிலோ

உச்ச விலை 150 ரூபாய். ஆனால் அந்த வரிசையில் விற்றது வெறும் 3%. எடைப்படி சராசரி போட்டால் சுமார் 120 ரூபாய்தான் வருகிறது. டீக்கடையில் பேசப்படுவது 150. விவசாயியின் கணக்கில் சேருவது 120-ஐ வைத்து.

இந்தப் பட்டியலில் கிலோ அளவை நீளமான, குட்டையான பட்டைகளாக வரைந்து பாருங்கள். அதுதான் வால்யூம் ப்ரொஃபைல்! வழக்கமான சார்ட்டில் வால்யூம் கீழே நின்றபடி, 'எந்த நாளில் எவ்வளவு' என்று சொல்லும். இதில் பட்டைகள் விலைக்குப் பக்கத்தில் படுத்தபடி, 'எந்த விலையில் எவ்வளவு' என்று சொல்லும்.

மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்

பாயிண்ட் ஆஃப் கண்ட்ரோல்: மிக நீளமான பட்டை உள்ள விலை. நம் கணக்கில் 111 - 120 ரூபாய்.

வேல்யூ ஏரியா: மொத்த வால்யூமில் சுமார் 70% நடந்த விலை வரம்பு. நம் கணக்கில் 111-ல் இருந்து 130 வரை. 45,000-மும் 25,000-மும் சேர்ந்தால் 70,000 கிலோ.

மெலிந்த இடம்: பட்டை குட்டையாக இருக்கும் விலைகள். நம் கணக்கில் 140-க்கு மேல். இங்கே பெரிதாக யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

இந்த யோசனையின் தொடக்கம் அமெரிக்காவில். தானிய வியாபாரத்துக்காக 1848-ல் தொடங்கிய சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் வர்த்தகம் செய்தவர் பீட்டர் ஸ்டைடில்மேயர். 1980-களில் அவர் 'மார்க்கெட் ப்ரொஃபைல்' என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒரு விலையில் சந்தை எவ்வளவு நேரம் நின்றது என்பதை அது பார்த்தது. நேரத்துக்குப் பதில் வால்யூமை வைத்தால் வால்யூம் ப்ரொஃபைல்.

சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் எப்படி உருவாகிறது?

ஒரு பங்கு 180 ரூபாய் பக்கத்தில் பல வாரம் நின்று, ஏகப்பட்ட வால்யூம் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு 210-க்கு ஏறிவிட்டது. 180-ல் வாங்காமல் விட்டவர்களுக்கு, 'அன்னிக்கே வாங்கியிருக்கலாமே' என்ற ஏக்கம் இருக்கும். விலை மறுபடி 180-க்கு இறங்கினால் அவர்கள் வாங்க வருவார்கள். இதுதான் சப்போர்ட்.

இப்போது தலைகீழாகப் பார்ப்போம். அதே பங்கு 180-ல் இருந்து 150-க்கு விழுந்துவிட்டது. 180-ல் வாங்கியவர்கள் நஷ்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். 'போட்ட காசு வந்தா போதும்' என்று காத்திருப்பார்கள். விலை ஏறி 180-ஐத் தொட்டதும் விற்றுவிட்டு வெளியேறுவார்கள். இதுதான் ரெசிஸ்டன்ஸ்.

ஆக, அதே 180-தான். விலை மேலிருந்து வந்தால் தரை, கீழிருந்து வந்தால் கூரை. அங்கே எத்தனை பேரின் பணம் சிக்கியிருக்கிறது என்பதைத்தான் பட்டையின் நீளம் காட்டுகிறது.

மெலிந்த இடத்தில் நடப்பது வேறு. அங்கே காத்திருப்பவர்கள் குறைவு. அதனால் விலை அந்தப் பகுதியைச் சட்டென்று கடந்து, அடுத்த நீளமான பட்டையில் போய் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

தேயிலைக்கும் பங்குக்கும் ஒரு வித்தியாசம்

தேயிலைத் தூளை வாங்குபவர் பாக்கெட் போட்டு விற்றுவிடுவார். பங்கு வைத்திருப்பவர் போல 'என் விலை வரட்டும்' என்று வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது. அப்படியானால் தேயிலைக்கு ரெசிஸ்டன்ஸ் எங்கிருந்து வருகிறது?

அங்கேதான் தேக்கத்தைக் கவனிக்க வேண்டும். எதிர்பார்த்த விலை கிடைக்காத தூள் விற்காமல் நின்று, பின்னால் நடக்கும் ஏலத்தில் மறுபடி வரும். புதிதாக வரும் சரக்கோடு பழைய சரக்கும் சேர்ந்தால், விலை ஏறுவது கஷ்டம். பங்குச்சந்தையில் கூரை போடுவது மாட்டிக்கொண்டவர்கள். ஏலத்தில் கூரை போடுவது விற்காத மூட்டைகள்.

இன்னொன்று, ஒரு நிறுவனத்தின் சாதாரணப் பங்குகள் எல்லாம் ஒன்றுதான். தேயிலை அப்படியல்ல, ரகத்துக்கு ரகம் விலை மாறும். உயர்ரக ஆர்த்தடாக்ஸ் விலையையும் சாதாரண சிடிசி விலையையும் ஒரே பட்டியலில் போட்டால் கணக்கே தப்பு.

எப்படிப் பயன்படுத்துவது?

1. காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சில மாதங்கள் வைத்திருக்க வாங்குபவர் ஒரே நாளின் ப்ரொஃபைலைப் பார்த்துப் பயனில்லை.

2. நீளமான பட்டை எங்கே, மெலிந்த இடம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாயைக் கோடாகப் பிடிக்காமல், ஒரு வரம்பாகப் பாருங்கள்.

3. விலை அங்கே வந்த உடனே வாங்கிவிடக் கூடாது. நிற்கிறதா, திரும்புகிறதா என்று பொறுத்துப் பாருங்கள்.

4. கணிப்பு தப்பினால் எங்கே வெளியேறுவது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

எங்கே ஏமாற்றும்?

நீளமான பட்டை என்றால் 'நிறைய பேர் வாங்கினார்கள்' என்று அர்த்தமில்லை. வாங்க ஒருவர் இருந்தால், விற்க ஒருவர் இருந்தே தீர வேண்டும். யார் பலசாலி என்பதைப் பட்டை சொல்லாது. இரண்டு பெரிய நிறுவனங்கள் மொத்தமாகக் கைமாற்றினாலும் பட்டை நீளும். காலையில் வாங்கி மாலையில் விற்றவரின் வால்யூமும் அதில் சேர்ந்திருக்கும். அவருக்கு அந்த விலையில் இனி எந்த ஒட்டும் இல்லை. அதனால் டெலிவரி அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

முக்கியமாக, இது நடந்து முடிந்ததன் பதிவு. மோசமான காலாண்டு முடிவு வந்தால் எவ்வளவு நீளமான பட்டையும் தாங்காது. நீலகிரியில் ஒரு நாள் உறைபனி விழுந்து கொழுந்து கருகினால், போன மாத ஏலக் கணக்கை வைத்து அடுத்த மாத விலையைச் சொல்லிவிட முடியுமா?

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். சார்ட் பார்க்கத் தெரிந்தால் மட்டும் காசு வந்துவிடாது.

ஆனாலும் ஒரு பழக்கம் லாபம்தான். 'டாப்புல போகுது' என்று யாராவது ஒரு விலையைச் சொன்னால், அது பங்கோ, தேயிலையோ, "அந்த விலைக்கு எவ்வளவு போச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

(பொறுப்பு துறப்பு: இந்தக் கட்டுரை புரிதலுக்காக மட்டுமே. முதலீட்டு ஆலோசனை அல்ல. முதலீடு செய்யும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்தாலோசிக்கவும்.)