கிரீம் வாங்குமுன் ஒரு நிமிடம்

ஏழே நாளில் முகப்பொலிவு என்று சொல்லி விற்கும் மாய்ஸ்சரைசர் கிரீமை, சுள்ளிக்கல்லில் உப்புநீரிலும் சிமெண்டிலும் கை வெடித்த நம் தொழிலாளியும் வாங்குகிறார். கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா?

வறட்சிக்கு உண்டு. கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். வாசலின் அது ஆவியாகாமல் மூடும். இவை மலிவான டப்பாவிலும் கிடைக்கும். வாசனையும் நட்சத்திரத்தின் படமும் விலையைத்தான் கூட்டும்.

அழகே தேடி வரும் என்றால் நம்பாதீர்கள். 2015இல் வயநாட்டுக்காரர் ஒருவர் இந்துலேகா சோப்பு விளம்பரத்தை எதிர்த்து நுகர்வோர் மன்றம் சென்றார். மறு ஆண்டு கம்பெனி 30,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

எத்தனை கிராமுக்கு என்ன விலை என்று பார்த்து வாங்குங்கள். குளித்த ஈரம் காயுமுன் பூசுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், எறணாகுளத்திலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.