கேட்கக் கூச்சப்படாதீர்கள்!

வெளிநோயாளிகள் வரிசையில் கடைசி ஆளாக வந்து உட்காருவார்கள். “வெள்ளைப்படுது டாக்டர்” என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் மனசில் இருப்பது வெளியே வரும். பிரசவ ஆஸ்பத்திரியில் பல வருஷங்கள் வேலை பார்த்ததில் இப்படி எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்டவற்றைத்தான் இங்கே பகிரங்கமாக எழுதுகிறேன்.

வெட்டை, மேகப்புண், கிரந்தி என்றெல்லாம் நம் பாட்டிமார் காலத்தில் காதோடு காதாகப் பேசிக்கொண்டவை இவை. இன்று பால்வினை நோய்கள் என்கிறோம். கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. ஆகியவை இதில் சேரும். “கெட்டுப் போனவங்களுக்குத்தானே இதெல்லாம் வரும்?” என்று கேட்பார்கள். கிருமிக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. வீட்டு வாசலைத் தாண்டாத மனைவிக்கும் கணவர் மூலம் வரலாம். கக்கூஸில் உட்காருவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் வருவதில்லை.

இன்னொரு சங்கடம். பெண்களுக்குப் பல சமயம் அறிகுறியே தெரியாது. கிளமிடியா சத்தமில்லாமல் கருப்பை வரை ஏறி, கருக்குழாயை அடைத்துவிடும். பிள்ளையில்லை என்று கோயில் கோயிலாக அலைந்த பிறகு காரணம் தெரிந்து என்ன பயன்?

நாளைக்கே டெஸ்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் நாளைக்கு வரும் ரிசல்ட்டை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. பாலில் உறை ஊற்றிவிட்டு உடனே மூடியைத் திறந்து பாருங்கள். பால் பாலாகத்தான் இருக்கும். அதனால் உறை ஊற்றவில்லை என்று ஆகிவிடுமா? கிருமி உடம்பில் புகுந்து டெஸ்டில் தெரிவதற்கும் இப்படி ஒரு கால இடைவெளி உண்டு.

கொனோரியா, கிளமிடியா சுமார் 2 வாரத்தில் தெரியும். இதற்குச் சிறுநீரோ, உறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியோ போதும். சிபிலிஸ் ரத்தத்தில் தெரிய 3 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகலாம். எச்.ஐ.வி.க்கு, ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஆன்டிஜென்-ஆன்டிபாடி டெஸ்ட் 18 முதல் 45 நாளில் காட்டும். விரலில் குத்திச் செய்யும் சாதாரண ரேபிட் டெஸ்டுக்கு 90 நாள் வரை ஆகலாம். ஆகவே இன்று ஒரு முறை, 3 மாதம் முடிந்ததும் இன்னொரு முறை. இரண்டாவதிலும் இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. எச்.ஐ.வி. உள்ளவரோடு உறவு நேர்ந்துவிட்டது என்றோ, பலாத்காரம் நடந்துவிட்டது என்றோ இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் அதையும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணும் அவள் கணவரும்

ஊர், பேர் வேண்டாம். நாலு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். “வெளியூர் போன இடத்துல தப்பு நடந்துடுச்சுன்னு அவரே சொல்லி அழுதார் டாக்டர். ரெண்டு மாசம் ஆச்சு. சின்னதா ஒரு புண் வந்துச்சாம். வலிக்கவே இல்ல, தானா ஆறிடுச்சாம். அப்போ சரியாப் போயிடுச்சுதானே?” என்றாள்.

சரியாகவில்லை. வலியில்லாத புண் வந்து தானே ஆறுவதுதான் சிபிலிஸின் முதல் கட்டம். புண் ஆறினாலும் கிருமி ரத்தத்தில் இருக்கும். கணவரை வரவழைத்தோம். அவர் ரத்தத்தில் சிபிலிஸ் இருந்தது. அவளுக்கு இல்லை என்றே ரிசல்ட் வந்தது. “அப்ப எனக்கு எதுக்கு ஊசி?” என்று கேட்டாள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் சேர்ந்துதான் வாழ்ந்திருக்கிறார்கள். கிருமி புகுந்து இன்னும் டெஸ்டில் தெரியாமல் இருக்கலாம். காத்திருந்து பார்ப்பதற்கு வயிற்றில் இருக்கும் குழந்தை இடம் தராது. கவனிக்காத சிபிலிஸ் கருச்சிதைவிலோ, குழந்தை இறந்து பிறப்பதிலோ கொண்டுபோய் விடலாம். இரண்டு பேருக்கும் பென்சிலின் ஊசி போட்டோம். பிறகும் பரிசோதித்தோம், பிரசவத்தின்போதும் பார்த்தோம். நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது.

அதனால்தான் கர்ப்பமானதும் முதல் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்கிறோம். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து சிகிச்சை இல்லாவிட்டால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றலாம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

எங்கே போவது?

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஆலோசனையும் சொல்வார்கள். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம், காசு கிடையாது. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்டை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது.

மருந்துக் கடையில் கேட்டு ரெண்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நோய் பாதி அடங்கி உள்ளே ஒளிந்துகொள்ளும். கிருமிநாசினி கலந்து உள்ளே கழுவவும் வேண்டாம். புண்ணாகி இன்னும் மோசமாகும். மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டுக் கணவர் சாப்பிடாவிட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். சிகிச்சை முடிந்து டாக்டர் சொல்லும் வரை உறவு வேண்டாம். அதன் பிறகும், 3 மாதப் பரிசோதனை முடியும்வரை ஆணுறை அவசியம்.

கணவரிடம் எப்படிப் பேசுவது? “நீங்கதான் கொண்டு வந்தீங்க” என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். “டாக்டர் ரெண்டு பேரையும் பார்க்கணும்னு சொல்றாங்க, வாங்க போயிட்டு வந்துடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். எங்கள்மேல் பழியைப் போட்டால் பரவாயில்லை! சொன்னால் அடிப்பார் என்ற பயம் இருக்கிறதா? முதலில் தனியாக வாருங்கள். உங்களுக்கு வேண்டிய பரிசோதனையை முடித்துக்கொண்டு, அவரிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்தே யோசிப்போம்.

கோபமும் கண்ணீரும் நியாயம்தான். அதற்கு நேரம் இருக்கிறது. முதலில் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.