கால்பந்து ஆசிரியர் ரகீம்

திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். அங்குள்ள ஆலைகளில் வட்டப் பின்னல் எந்திரங்கள் சுழல்வதைக் கண்டவர், நூல் துணியாக மாறும் விந்தையை அறிவர். எந்திரத்தின் ஊசிகள் நூலைச் சிறுசிறு கண்ணிகளாக வளைக்கின்றன. ஒவ்வொரு கண்ணியும் மற்றொரு கண்ணியைக் கோத்துப் பிடித்துக்கொள்கின்றது. ஒரு கண்ணி நழுவினால் அதனை அடுத்துள்ளவையும் அவிழத் தொடங்கும். கால்பந்து வீரர் அணியும் சட்டை இத்தகைய பின்னல் துணியால் ஆனதே. அச்சட்டையை அணிந்து களத்தில் இறங்கும் பதினொருவரும் அக்கண்ணிகளைப் போலவே ஒருவரோடொருவர் பிணைந்து ஆடுதல் வேண்டும்.

அவர்களை அவ்வாறு பிணைத்துத் தருபவர் பயிற்சியாளர். ஆட்டம் நடைபெறும்பொழுது அவர் பந்தைத் தொடுவதில்லை. களத்தின் ஓரத்தே அமர்ந்திருப்பார். மக்கள் கோல் அடித்தவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர்; பயிற்சியாளரை நினைப்பவர் சிலரே. இத்தகைய அரும்பணியைத் தம் வாழ்நாள் முழுதும் ஆற்றி, இந்தியக் கால்பந்தை உயர்த்தியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் ஆவார்.

ரகீம் 1909 ஆம் ஆண்டு ஆகசுடுத் திங்கள் 17 ஆம் நாள் பிறந்தார். உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அதன் கால்பந்து அணியில் ஆடினார். கல்வி முடித்தபின் பள்ளி ஆசிரியராகப் பணி ஏற்றார். உடற்கல்வியிலும் பயிற்சி பெற்றார். மாணவன் ஒருவன் கணக்கில் தவறினால், எவ்விடத்தில் தவறினான் என்று கண்டு திருத்துவது நல்லாசிரியர் இயல்பு. அவ்வியல்பையே ரகீம் விளையாட்டுக் களத்திற்கும் கொண்டு சென்றார்.

அவர் பயிற்சியளித்த ஐதராபாத்து நகரக் காவல் அணி, பம்பாயில் நடைபெற்ற ரோவர்சு கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. 1951 ஆம் ஆண்டில் புதுதில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

ஆயினும், மறு ஆண்டே பெருந்தோல்வி ஒன்று காத்திருந்தது. 1952 ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோசுலாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றது. குளிர் மிகுந்த அந்நாட்டில் நம் வீரருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். இத்தோல்விக்குப்பின், வீரர் அனைவரும் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்ற விதி நம் நாட்டில் ஏற்பட்டது. தோல்வி தரும் பாடத்தை ஏற்பவரே முன்னேறுவர் அன்றோ?

ரகீம் அப்பாடத்தை நன்கு ஏற்றார். தனியொருவர் பந்தை நெடுநேரம் தம் காலிலேயே வைத்துக்கொண்டு திறமை காட்டுவதை அவர் விரும்பவில்லை. பந்து வந்தவுடன் அதனைத் தோழருக்கு விரைந்து அளிக்கப் பயிற்றுவித்தார். வலக்காலில் வலிமை மிக்கவரை இடக்காலாலும் உதைக்கப் பழக்கினார். அந்நாளில் அங்கேரி முதலிய நாடுகள் கையாண்ட புதிய ஆட்டமுறைகளை ஆராய்ந்து, நம் வீரருக்கு ஏற்றவாறு அமைத்தார்.

இவ்வுழைப்பின் பயன் 1956 ஆம் ஆண்டில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெளிப்பட்டது. இந்தியா ஆத்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசௌசா தாம் ஒருவரே மூன்று கோல்களை அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்ற பெருமை நம் அணிக்குக் கிட்டியது. முடிவில் நான்காம் இடம் பெற்றது. 1960 ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் பிரான்சு நாட்டோடு 1-1 எனச் சமநிலை கண்டது. அவ்வணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தர்ராஜும் இடம்பெற்றிருந்தார். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியைப் பெறவில்லை.

1962 ஆம் ஆண்டில் சகார்த்தா நகரில் நடந்த ஆசிய விளையாட்டே ரகீமின் இறுதிச் சோதனையாயிற்று. புற்றுநோய் அவர் உடலை வாட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 2-0 என்ற கணக்கில் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்றபொழுது, பின்னணித் தடுப்பு வீரரான சர்னைல் சிங் தலையில் காயமுற்றார். தையல் போட நேர்ந்தது. இசுரேல், தைவான் ஆகியவை அழைக்கப்படாமை பற்றி இந்தியப் பிரதிநிதி ஒருவர் எழுப்பிய கண்டனத்தால், அந்நாட்டு மக்களும் நம் வீரர்மீது சினங்கொண்டிருந்தனர்.

இந்நிலையில் ரகீம் துணிவானதொரு முடிவை மேற்கொண்டார். காயமுற்ற சர்னைல் சிங்கைத் தடுப்பிலிருந்து மாற்றி, கோல் அடிக்கும் முன்னணி வீரராக நிறுத்தினார். முடிவு தவறாகியிருந்தால் பழி முழுதும் அவரையே சாரும். சர்னைல் சிங் அரையிறுதியில் தென்வியத்துநாமுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். இந்தியா 3-2 என வென்றது. செப்டம்பர் 4 ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில், முன்பு நம்மைத் தோற்கடித்த தென்கொரியாவே எதிரே நின்றது. பி. கே. பானர்சி ஒரு கோலும், சர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். பீட்டர் தங்கராசு கோலைக் காத்து நின்றார். ஆரவாரித்து இகழ்ந்த கூட்டத்தின் நடுவே, இந்தியா 2-1 என்ற கணக்கில் தங்கம் வென்றது. அதன்பின் இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நம் நாடு தங்கம் பெற்றதில்லை.

அவ்வெற்றிக்குப்பின் ரகீம் ஓராண்டும் வாழவில்லை. 1963 ஆம் ஆண்டு சூன் 11 ஆம் நாள் இயற்கை எய்தினார். எனினும் அவர் கற்பித்தது அவருடன் மறையவில்லை. அவரிடம் பயின்ற பி. கே. பானர்சி பின்னாளில் பயிற்சியாளரானார். 1970 ஆம் ஆண்டில் பாங்காக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியைப் பயிற்றுவித்தவருள் அவரும் ஒருவர். சைமன் சுந்தர்ராஜ் பயிற்றுவித்த கேரள அணி, 1973 ஆம் ஆண்டில் முதன்முறையாகச் சந்தோசுக் கோப்பையைக் கைப்பற்றியது. மாணவர் ஆசிரியராகி, தாம் பெற்றதைப் பிறர்க்கு அளிப்பதே கல்வி தொடர்ந்து வாழும் வழி.

மாணவர்களே! மாலையில் நீங்கள் பந்தாடும்பொழுது, களத்தின் ஓரத்தே ஊதுகுழலுடன் நிற்கும் உங்கள் உடற்கல்வி ஆசிரியரைச் சற்றே நோக்குங்கள். வெற்றி பெற்ற நாளில் அவர் பெயர் செய்தித்தாளில் வாராமற்போகலாம். ஆயினும், நீங்கள் தோழனுக்குத் தக்க நேரத்தில் பந்தை அளிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் உழைப்பு உங்கள் கால்களில் வெளிப்படுகின்றது. பின்னலாடையில் தனிக் கண்ணி எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. துணி மட்டுமே தெரிகின்றது. தாம் மறைந்து நின்று பிறரை இணைப்போரின் பெருமையும் அத்தகையதே.