உங்களுக்குத் தெரியுமா? கேமில் லிஃப்ட் ஏன் மெதுவாகப் போகிறது?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம். 2001-இல் மூடப்படும் வரை அங்கே கூண்டில் இறங்க நேரமானது; அது நிஜம். வீடியோ கேமில் வரும் லிஃப்ட் பல நேரம் பாசாங்கு! கதவு மூடியதும் கேம் அடுத்த இடத்தின் காட்சிகளை டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 50 முதல் 100 எம்.பி. வரைதான் படிக்கும். பிளேஸ்டேஷன் 5-க்கு அது 5.5 ஜி.பி.

இந்த வேக இடைவெளியில் மாட்டிக்கொண்ட கேம் 'சைபர்பங்க் 2077'. பிளேஸ்டேஷன் 4 போன்ற பழைய கருவியில் சுவரும் முகமும் மங்கலாக வந்து பிறகுதான் தெளிந்தன. ஆட்டம் பாதியில் நின்றது. 2020 டிசம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. மறுபடி விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று. 2023-இல் வெளியான கூடுதல் பாகம் பழைய கருவிகளுக்கு வரவேயில்லை. நியாயமான முடிவுதான்.