தினமும் பார்த்த மலை, அறியாத உயிர்கள்

கோலா குபு பாரு வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள் நான். லயத்து வீட்டு வாசலில் நின்றாலே தித்திவங்சா மலைத்தொடர் தெரியும். அம்மா வேலைக்குப் புறப்படும் நேரத்தில் அதன்மேல் மூடுபனி படிந்திருக்கும். அந்த மலையைத் தினமும் பார்த்தேனே தவிர, பல்கலைக்கழகத்தில் சேரும்வரை ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை.

கடந்த பருவ விடுமுறையில் எங்கள் பகுதித் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், "மாணவர்களைப் பிரேசர் மலைக்கு அழைத்துப் போகிறோம். துணைக்கு வருகிறாயா?" என்று கேட்டார். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பதினான்கு பேர். "காட்டில் என்னென்ன விலங்குகள் இருக்கும்?" என்று அவர்களிடம் கேட்டேன். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை என்று பதில் வந்தது. மூன்றுமே நம் நாட்டுக் காடுகளில் இல்லாதவை. சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்தோம். ஒரு வெப்பமானியும் எடுத்துக்கொண்டோம். சிலாங்கூர் ஆற்று அணையைக் கடந்து வேன் வளைந்து வளைந்து ஏறியது. வழியில் ஓரிடத்தில் நிறுத்தியபோது சாலையோரம் கெரா குரங்குகள் உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் மகிழட்டுமே என்று கையிலிருந்த கச்சானை அவற்றுக்கு வீசினேன்.

ஆசிரியை என்னைத் தனியே அழைத்தார். "சாலையில் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய குரங்கு சாலையிலேயே காத்திருக்கும்மா. ஒருநாள் வாகனத்தில் அடிபடும். காட்டில் பழம் தின்று விதை பரப்பும் வேலையும் குறைந்துபோகும்" என்றார். வழிகாட்ட வந்த நானே முதல் தவற்றைச் செய்துவிட்டேன். அதை மறைக்காமல் பிள்ளைகளிடமும் சொன்னேன்.

அடிவாரத்தில் 27 பாகை செல்சியஸ் காட்டிய வெப்பமானி, மேலே 20 பாகை காட்டியது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்ற பாடத்தை அன்று அவர்கள் தோலாலேயே உணர்ந்தார்கள். வெப்பம் மாறும்போது காடும் மாறுகிறது. கீழே வானுயர்ந்த மெராந்தி மரங்கள். 1,200 மீட்டருக்கு மேல் ஓக் இன மரங்களும், பாசி போர்த்திய கிளைகளும், மரப்பெரணிகளும். கீழே வாழும் எல்லா உயிர்களும் மேலே வாழ்வதில்லை. மேலே வாழும் சில உயிர்களுக்கு வேறு வீடே இல்லை. தீபகற்ப மலேசியாவுக்கு மட்டுமே உரிய மலை மயில்கோழி அவற்றில் ஒன்று.

ஹெம்மண்ட் பாதையில் நுழைந்தோம். முதல் அரைமணி நேரம் எதையுமே பார்க்கவில்லை. எங்கள் சத்தம் அப்படி! "ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. கேட்பதை மட்டும் எழுதுங்கள்" என்றார் ஆசிரியை. மூன்றாவது நிமிடத்தில் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருங்குரல் எழுந்தது. ஊளையும் சிரிப்பும் கலந்தது போன்ற ஓசை. பயந்துபோன ஒரு சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது சியாமாங். கிப்பன் வகைகளிலேயே மிகப் பெரியது. தொண்டைப் பையை ஊதிப் பெருக்கி, ஆணும் பெண்ணும் சேர்ந்து குரல் கொடுக்கும்; "இது எங்கள் இடம்" என்று அறிவிக்கும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. ஆனாலும் காடு அழிவதாலும், குட்டிகளைப் பிடித்து விற்பதாலும் அது அருகிவரும் இனமாகிவிட்டது.

பிறகு வெள்ளிக்காது மேசியாக் கூட்டம் ஒன்று வந்தது. கறுப்புத் தலை, வெள்ளிக் கன்னம், மஞ்சள் தொண்டை, சிவப்பு இறகு. வண்ணப் பென்சில் கொண்டு வராததற்குப் பிள்ளைகள் வருந்தினார்கள். இத்தகைய பறவைகளுக்காகத்தான் 1988 முதல் அங்கே அனைத்துலகப் பறவை நோக்கும் போட்டி நடத்தப்பட்டு வருகிறது.

திரும்பும் வழியில் ஒரு சிறுவன் ஓடையைக் காட்டி, "அக்கா, இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டான். சிலாங்கூர் ஆறு இந்தச் சரிவுகளில்தான் பிறக்கிறது. நம் வீட்டுக் குழாய்க்கு நீர் தந்து, கம்போங் குவாந்தான் மின்மினிகள் வாழும் கரைகளைத் தொட்டு, கோலா சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. "அப்படின்னா மேலே மரத்தை வெட்டினால் கீழே நமக்குத்தான் கஷ்டம்" என்றான். நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான்.

மாணவ நண்பர்களே, உங்கள் தம்பி தங்கைகளை ஒருநாள் அருகிலுள்ள மலைக்கோ காட்டுக்கோ அழைத்துச் செல்லுங்கள். பெரியவர் ஒருவரும் உடன் வரட்டும். நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள், கச்சான் வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக நில்லுங்கள். மறுவாரம் அந்தப் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். முதல் பதில், "சியாமாங்!"