பசித்த தலைமுறையின் பாசமும் பிள்ளைகளின் எடையும்

ஹட்டனில் என்னிடம் படிக்கும் தரம் 10 மாணவன் ஒருவனுக்குப் பாடசாலைப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. "வாயைக் கட்டச் சொல்லுங்க சேர்" என்றார் அவனது தந்தை. தோட்டத்து லயத்தில் வளர்ந்து, இன்று நகரில் கடை வைத்திருப்பவர். "நாங்க பட்ட பசி அவன் படக்கூடாதுன்னுதான் கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தோம்" என்றும் அவரே சொன்னார்.

அந்தப் பயம் நியாயமானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டிலும் அது 17.3 வீதம். மெலிவைக் கண்டு பயந்தவர்களுக்குப் பருமன் ஆரோக்கியமாகத் தெரிகிறது. ஆனால் குறைந்த நிறையுடன் பிறந்து, பின்னர் வேகமாக நிறை கூடும் பிள்ளைக்கு நீரிழிவு வரும் அபாயம் அதிகம்.

உடல்வாகு பரம்பரையாக வரலாம். வீட்டுப் பழக்கமும் அப்படியே வருகிறது. மூன்று கரண்டி சீனி போட்ட தேநீர், இரவிலும் பராட்டா, கையில் தொலைபேசியுடன் சாப்பாடு, கிட்டத்து வகுப்புக்கும் ஓட்டோ. இவற்றைத் தீர்மானிப்பது பிள்ளையல்ல.

2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறக் குறியீடு உண்டு. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலில் 11 தேக்கரண்டிக்கும் அதிகம்.

பிள்ளையை "குண்டன்" என்று ஏசிப் பட்டினி போடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சீனியைக் குறையுங்கள். கீரையும் பருப்பும் கூடட்டும். மாலையில் பிள்ளையோடு நீங்களும் நடவுங்கள்.

அந்தத் தந்தையிடமும் இதையே சொன்னேன். "அப்ப என் தேத்தண்ணியில இருந்துதான் தொடங்கணும்" என்றார்.