'மைசெல்ஃப் கார்த்திக்' என்று சொல்வது தவறா? ஆங்கிலத்தில் 'செல்ஃப்' சொற்களை எங்கே பயன்படுத்தணும்?

இன்டர்வியூவில் "உங்களைப் பத்தி சொல்லுங்க" என்று கேட்டதுமே பலரும் சொல்லும் முதல் வாக்கியம், "மைசெல்ஃப் கார்த்திக், ஃப்ரம் மதுரை". சொல்ல வருவது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனாலும் ஆங்கில இலக்கணப்படி அது தவறு. "ஐ ஆம் கார்த்திக்" அல்லது "மை நேம் இஸ் கார்த்திக்" என்பதுதான் சரி.

ஏன் தவறு?

மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ் ஆகிய சொற்களை 'ரிஃப்ளெக்சிவ் ப்ரோனவுன்' என்பார்கள். ஒரு செயலைச் செய்பவரும், அந்தச் செயல் போய்ச் சேரும் ஆளும் ஒருவரே என்றால்தான் இவற்றுக்கு வேலை. காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டால் "ஐ கட் மைசெல்ஃப்". இதில் 'ஐ' முன்னால் இருப்பதால் 'மைசெல்ஃப்' பின்னால் வருகிறது. 'ஐ' இடத்தில் 'மைசெல்ஃப்' தனியாக உட்கார முடியாது.

ஆபீஸ் மெயில்களிலும் இதே சிக்கல்தான். "ப்ளீஸ் சென்ட் இட் டு ரவி அண்ட் மைசெல்ஃப்" என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என ஒரு நினைப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பலர் இப்படி எழுதுகிறார்கள் என்பது வேறு விஷயம். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ரவியை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். "சென்ட் இட் டு மைசெல்ஃப்" என்று யாரும் சொல்ல மாட்டோம், "சென்ட் இட் டு மீ" என்போம். அப்படியானால் "ரவி அண்ட் மீ" என்பதே சரி.

சில இடங்களில் 'செல்ஃப்' விடுபட்டால் அர்த்தமே மாறிவிடும். "தி மேனேஜர் பிளேம்டு ஹிம்செல்ஃப்" என்றால் மேனேஜர் தன் மீதே பழியைப் போட்டுக்கொண்டார். "பிளேம்டு ஹிம்" என்றால் பழி வேறொருவர் தலையில்! தமிழில் 'தன்னை', 'அவரை' என்ற வேறுபாடு இருக்கிறதே, அதேதான்.

'கொள்' செய்யும் குழப்பம்

தமிழர்கள் இதில் தடுமாற ஒரு காரணம் உண்டு. வெட்டிக்கொண்டேன், அறிமுகப்படுத்திக்கொண்டேன் என்று தமிழில் வினைச்சொல்லோடு 'கொள்' ஒட்டிக்கொண்டாலே 'தனக்குத்தானே' என்ற பொருள் பெரும்பாலும் வந்துவிடும். தனியாக ஒரு சொல் தேவைப்படாது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'மைசெல்ஃப்' செய்யவேண்டியிருப்பதால், பழக்கத்தில் அதை விட்டுவிடுகிறோம். "ஐ இன்ட்ரோட்யூஸ்டு மைசெல்ஃப்" என்பதில் 'மைசெல்ஃப்' கட்டாயம்.

அதற்காக 'கொள்' வரும் இடமெல்லாம் 'செல்ஃப்' போடவும் கூடாது. ஷேவ் பண்ணிக்கிட்டேன் என்பதற்கு "ஐ ஷேவ்ட்" போதும். "குடையைக் கூடவே எடுத்துக்கோ" என்பதற்கு "டேக் யுவர் அம்ப்ரெல்லா வித் யூ" என்றுதான் சொல்லணும், "வித் யுவர்செல்ஃப்" அல்ல.

'என்ஜாய்' இன்னொரு வம்பு. டூர் போய் வந்ததும் "வீ என்ஜாய்டு" என்று நிறுத்திவிடுகிறோம். "வீ என்ஜாய்டு அவர்செல்வ்ஸ்" என்றோ, "வீ என்ஜாய்டு தி ட்ரிப்" என்றோ முடித்தால்தான் வாக்கியம் முழுமையாகும்.

நீ, நீங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். ஆனால் இங்கே மட்டும் ஒருமை, பன்மை பிரியும். ஒருவரிடம் சொன்னால் "ஹெல்ப் யுவர்செல்ஃப்", அவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி. பந்தியில் பலரிடம் சொன்னால் "ஹெல்ப் யுவர்செல்வ்ஸ்".

அழுத்தம் கொடுக்கவும் இவை உதவும். "ஐ மைசெல்ஃப் குக்ட் இட்" என்றால் 'நானேதான் சமைச்சேன்'. முன்னால் 'பை' சேர்ந்து "ஐ லிவ் பை மைசெல்ஃப்" என்றால் 'நான் தனியா இருக்கேன்' என்று அர்த்தம்.